கயிற்றை இழுக்கும் உரிமை

மென்பொருள் தொழிலில் ‘அஜைல்’ என்றொரு வேலைமுறை உண்டு. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 வல்லுநர் கூடி அதன் கொள்கைகளை ஓர் அறிக்கையாக வகுத்தனர். பெரிய வேலை ஒன்றை ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு இறுதியில் ஒருசேர ஒப்படைப்பது பழைய வழக்கம். அதற்கு மாறாக, சிறு குழுவினர் சில வாரங்களுக்கு ஒருமுறை பயன்படத்தக்க ஒரு பகுதியை முடித்துக் காட்டுவர். குறை தெரிந்தால் வழியை மாற்றிக்கொள்வர். இதுவே அம்முறையின் சாரம்.

சிறு குழுக்களில் நன்கு பயன்படும் இம்முறையை ஒரு நிறுவனம் முழுவதற்கும் ஒரே ஆணையால் கொண்டுவர முயலும்போது, அது பல இடங்களில் தோற்றுவிடுகிறது. ஏன்? இம்முறையின் வேர்களுள் ஒன்று ஜப்பானியத் தொழிற்சாலைகளில் ஊன்றியது. ஆதலால், அத்தகைய தொழிற்சாலை ஒன்றன் வரலாற்றிலேயே விடையைத் தேடுவோம்.

கலிபோர்னியாவின் ஃபிரிமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஓயாத சச்சரவுக்கும், வேலைக்கு வராதோர் தொகைக்கும் பெயர்போன அதனை 1982இல் மூடிவிட்டனர். 1984இல் அந்நிறுவனமும் ஜப்பானின் டொயோட்டாவும் கூட்டாக, ‘நம்மி’ என்ற பெயரில் அதனை மீண்டும் திறந்தன. நிர்வாகம் டொயோட்டாவினுடையது, தொழிலாளருள் பெரும்பாலோர் பழைய ஆட்களே.

வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும் உற்பத்தி வரிசை நெடுகிலும் அங்கே ஒரு கயிறு தொங்கியது. பிழையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதனை இழுக்கலாம். உடனே குழுத்தலைவர் வருவார், குற்றவாளியைத் தேடமாட்டார், குறையைத் தீர்க்கத் துணைநிற்பார். உரிய நேரத்திற்குள் அது தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். 1988ஆம் ஆண்டையொட்டி விற்பனை குறைந்தபோதும் ஆட்குறைப்புச் செய்யவில்லை. தேவைக்கு மிஞ்சிய தொழிலாளர் பயிற்சியிலும் சீர்திருத்தப் பணிகளிலும் ஈடுபடுத்தப்பட்டனர். தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே, அங்கே உருவான வண்டிகள் ஜப்பானில் உருவானவற்றின் தரத்தை ஏறத்தாழ எட்டிவிட்டன. ஆட்கள் அவர்களே, மாறியது அவர்கள் நடத்தப்பட்ட விதம்.

இவ்வெற்றியைக் கண்ட ஜெனரல் மோட்டார்ஸ், அதே மாநிலத்திலுள்ள வான் நைஸ் தொழிற்சாலையிலும் இம்முறையைப் புகுத்த முயன்றது. குழுக்கள் அமைந்தன, கயிறும் வந்தது. ஆனால் மேற்பார்வையாளரின் திறமை, எத்தனை வண்டிகள் வெளிவந்தன என்னும் கணக்கினாலேயே மதிப்பிடப்பட்டது. கயிறு இழுபட்டால் கணக்குக் குறையுமன்றோ? ஆகவே இழுத்தவனுக்கு உதவி வரவில்லை, வசையே வந்தது. தொழிலாளர் பலரும், இது தம் சங்கத்தின் வலிமையைக் குறைக்கும் சூழ்ச்சியோ என ஐயுற்றனர். விற்பனைச் சரிவு முதலிய வேறு காரணங்களும் சேர, 1992இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது.

இப்போது அஜைல் முறைக்குத் திரும்புவோம். நாள்தோறும் நின்றபடி நடத்தும் சிறு கூட்டம், சுவரில் ஒட்டும் வண்ணச் சீட்டுகள், புதிய பதவிப் பெயர்கள் ஆகியவை எளிதில் வந்துவிடும். இவை யாவும் கயிறு போன்றவை. வேலையின் அளவையும் பணத்தையும் முடிக்கவேண்டிய நாளையும் மேலிடமே முன்கூட்டி முடிவு செய்துவிட்டால், குழு எதனை மாற்றிக்கொள்ளும்? “இந்த நாளுக்குள் முடியாது” என்று உண்மை கூறியவன் ஆண்டு இறுதி மதிப்பீட்டில் தாழ்த்தப்பட்டால், மறுமுறை யார் உண்மை கூறுவார்? இடைநிலை அதிகாரியின் நிலையும் இரங்கத்தக்கதே. ஆணையிடுவதே தம் தொழில் எனப் பழகியவரிடம், “இனிக் குழுவே முடிவு செய்யும்” என்கிறார்கள். அவருடைய புதிய கடமை யாதென எவரும் சொல்வதில்லை. அவர் பழைய வழியையே புதிய பெயரால் தொடர்கிறார். கூட்டம் வருகைப் பதிவாகச் சுருங்கிவிடுகிறது.

மாணவர்களே, நாளை நீங்களும் அலுவலகங்களில் பணிபுரிவீர்கள். சிலர் அவற்றை நடத்தவும் செய்வீர்கள். புதிய முறை எதுவாயினும், முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இங்கே கடைநிலை ஊழியன் பிழையைச் சுட்டிக்காட்டினால் அவனுக்கு என்ன நேரும்? அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்ததே அம்முறையின் வெற்றியும் தோல்வியும். கயிற்றை ஒரே நாளில் கட்டிவிடலாம்; அதனை அச்சமின்றி இழுக்கலாம் என்னும் நம்பிக்கையை நாள்தோறும் நடந்துகாட்டியே வளர்க்க வேண்டும்.