பரிதாபம் கொடுக்கும், விளையாட்டு கேட்கும்

(நமது ஆஸ்பத்திரியைத் தாங்கும் நண்பர்களின் ஐக்கியக் கூட்டத்தில் ஆஸ்பத்திரி குருவானவர் ஆற்றிய உரை)



துன்பத்தில் அகப்பட்ட வாலிபப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். குருவானவர் பேசினால் ஜெபத்தையும் பொறுமையையும் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் நினைத்து வந்திருக்கலாம். இன்று நான் விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். பந்தையும் வில்லையும் உயரம் தாண்டுதலையும் பற்றித்தான் பேசப்போகிறேன். ஏன் என்பதை வார்டிலிருந்தே சொல்லத் தொடங்குகிறேன்.

விபத்தில் அடிபட்ட ஒரு வாலிபனைப் பார்க்க சொந்தக்காரர்கள் வருகிறார்கள். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொண்டுவருகிறார்கள். கட்டிலருகே நின்று, "இந்த வயசிலே இப்படி ஆகிவிட்டதே" என்று கண்கலங்குகிறார்கள். அம்மா சோறு ஊட்டுகிறாள். அப்பா தலையணையைச் சரிசெய்கிறார். தங்கை போர்வையை இழுத்துவிடுகிறாள். எல்லாம் அன்பினால் செய்கிற காரியங்கள். அவற்றில் ஒன்றையும் நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனாலும் காலை முதல் இரவு மட்டும் அந்தப் பிள்ளை வாங்கிக்கொண்டே இருக்கிறான். அவனிடத்தில் யாரும் எதையும் கேட்பதில்லை. போன மாதம் வரைக்கும் "கடைக்குப் போய் வா, தண்ணீர் எடுத்து வை, தங்கையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வா" என்று வீட்டில் பத்து வேலை சொன்னார்கள். இப்போது ஒரு வேலையும் சொல்வதில்லை. இனி நம்மால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்று அவன் தனக்குள்ளே கணக்குப் போட்டுவிடுகிறான். பிறகு சுவர்ப்பக்கமாய்த் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். இதை நான் வருஷக்கணக்காய்ப் பார்த்து வருகிறேன். சுவர்ப்பக்கம் திரும்பின பிள்ளையை மறுபடியும் நம் பக்கம் திருப்புவது, முறிந்த எலும்பைக் கூட்டுவதைவிடக் கடினமான வேலை.

இதைக் கண்டுகொண்ட ஒரு வைத்தியருடைய சரித்திரத்தைச் சொல்லுகிறேன். அவர் பெயர் லுட்விக் குட்மன். ஜெர்மனி தேசத்து யூதர்; 1899-ல் பிறந்தவர். 1917-ல் அவர் சுரங்கத் தொழிலாளர்களின் ஆஸ்பத்திரி ஒன்றில் உதவியாளராய் இருந்தபோது, முதுகெலும்பு முறிந்த ஒரு இளம் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். அவன் சில வாரங்களில் மரித்துப்போவான் என்று வைத்தியர்கள் சொன்னார்கள், அப்படியே மரித்தான். அக்காலத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களில் பெரும்பாலோருடைய முடிவு அதுதான். படுக்கைப்புண்ணும் சிறுநீர்ப்பாதையில் உண்டாகிற தொற்றும் அவர்களைக் கொண்டுபோய்விடும்.

குட்மன் பிற்காலத்தில் பேர்பெற்ற நரம்பியல் வைத்தியரானார். ஹிட்லரின் ஆட்சியில் யூதருக்கு நேர்ந்த கொடுமைக்குத் தப்பி, 1939-ல் மனைவி பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குப் போனார். லண்டனுக்கு வடமேற்கே ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்து ஆஸ்பத்திரியில், யுத்தத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரருக்காக 1944 பிப்ரவரியில் ஒரு தனிப் பிரிவு திறந்தார்கள். அந்தப் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் வாலிபர்கள்.

அவர் முதலாவது செய்தது மிகவும் எளிய காரியம். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார். அதனால் படுக்கைப்புண் குறைந்தது, உயிர்கள் தப்பின. ஆனால் உயிர் தப்பினவன் என்ன செய்வான்? ஐம்பது வருஷம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பானா? ஆகையால் அவர் அடுத்த காரியத்துக்கு வந்தார். பட்டறையில் வேலை கொடுத்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைத்தடியால் ஒரு வட்டை அடித்து ஓட்டும் விளையாட்டை ஏற்படுத்தினார். பிறகு வில்வித்தையும் கூடைப்பந்தும் வந்தன.

வில்லை அவர் யோசித்துத்தான் தெரிந்துகொண்டார். நாணை இழுக்கத் தோளும் கையும் மார்பும் பலப்பட வேண்டும். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவன் சாய்ந்து விழாமல் நிமிர்ந்து உட்காரப் பழக வேண்டும். அந்தத் தோள்பலம்தான் பிற்பாடு கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவனைத் தூக்கிப்போடும். இன்னொரு நன்மையும் உண்டு. கால் நடக்கிறவனோடு சரிசமமாய்ப் போட்டியிடக்கூடிய விளையாட்டு அது. அம்பு குறியில் பட்டதா என்பதுதான் கேள்வி. எய்தவன் நின்றானா உட்கார்ந்தானா என்று குறி பார்ப்பதில்லை.

1948-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் ஆரம்பமாயின. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில் 14 ஆண்களும் 2 பெண்களுமாய் 16 பேர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். 1952-ல் நெதர்லாந்திலிருந்தும் வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். 1960-ல் ரோமாபுரியில் 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் கூடினார்கள். அதையே முதலாவது பாராலிம்பிக் போட்டி என்று இன்று எண்ணுகிறோம். 2024-ல் பாரிஸ் நகரத்தில் கூடினவர்கள் 4,000-க்கு மேற்பட்டவர்கள். கடுகு விதை மரமான கதை இது.

குட்மன் என்ன செய்தார் என்று கவனியுங்கள். எல்லாரும் அந்த வாலிபருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களிடத்தில் கேட்டார். துன்பப்படுகிற பிள்ளையிடத்தில் விளையாட்டு மூன்று காரியங்களைக் கேட்கிறது.

முதலாவது, வேளைக்கு வரச் சொல்லிக் கேட்கிறது. துன்பம் வந்த வீட்டில் நாளுக்கும் வாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. மைதானத்திலோ ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான். "நாளைக்கும் வா, தம்பி" என்று ஒருவர் சொல்லும்போது அவனுக்கு நாளை என்று ஒன்று உண்டாகிறது.

இரண்டாவது, சட்டத்துக்குக் கீழ்ப்படியக் கேட்கிறது. கோட்டுக்கு வெளியே விழுந்த பந்து வெளியேதான். "பாவம், அப்பா இல்லாத பிள்ளை" என்று கோட்டைத் தள்ளிப் போடுவதில்லை. அதை நாம் கண்டிப்பு என்று நினைக்கலாம். பிள்ளைக்கோ அது மரியாதை. தன்னை எல்லாரையும்போல நடத்துகிற ஒரு இடம் இருக்கிறது என்று அவன் கண்டுகொள்ளுகிறான்.

மூன்றாவது, தோற்றுப்போகக் கற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறது. வாழ்க்கையில் வந்த தோல்வி பெரியது. அதற்கு மறு ஆட்டம் இல்லை. மைதானத்தின் தோல்வி சிறியது. அடுத்த நாள் மறு ஆட்டம் உண்டு. சிறிய தோல்வியில் எழுந்திருக்கப் பழகினவன் பெரிய தோல்வியின் முன்பாகவும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறான்.

மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவன் நமது வார்டில் இருந்தான். யாரிடத்திலும் பேசமாட்டான். நான் ஜெபிக்கப் போனால் கண்ணை மூடிக்கொள்வான். ஜெபம் முடிந்தாலும் திறக்கமாட்டான். பிசியோதெரபி பார்க்கிற தம்பி ஒருவர் சாயங்காலந்தோறும் ஒரு பிளாஸ்டிக் பந்தைக் கொண்டுவந்து அவனுடைய கட்டிலுக்குப் போடுவார். அவன் பிடித்து, எதிர்க்கட்டிலில் இருந்த பெரியவருக்கு எறிய வேண்டும். முதல் வாரம் பந்து தரையில்தான் உருண்டது. ஒரு நாள் அந்தத் தம்பி விடுப்பில் இருந்தார். அன்று சாயங்காலம் நான் வார்டுக்குள் போனபோது பையன் தானாகவே வாய் திறந்தான். "ஐயா, இன்னிக்குப் பந்து வரலியே?" என்றான். அவன் எங்களிடத்தில் கேட்ட முதல் கேள்வி அது. பின்னால் சக்கர நாற்காலியில்தான் வீட்டுக்குப் போனான். பதக்கம் ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் போகும்போது நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போனான்.

நமது சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை நீங்கள் அறிவீர்கள். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் பஸ் ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. தாயார் காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். கடன் வாங்கி வைத்தியம் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் அவருக்குள் இருந்த திறமையைக் கண்டு, உயரம் தாண்டச் சொன்னவர் ஒரு உடற்பயிற்சி ஆசிரியர். அந்தப் பிள்ளையை ஓரமாய் உட்காரவைத்து அனுதாபப்படுவது அவருக்கு எளிதாயிருந்திருக்கும். அவரோ குறுக்குக் கம்பைக் காட்டி, தாண்டு என்றார். 14 வயதில் மாரியப்பன் கால் ஊனமில்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாவது வந்தார். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021-ல் டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். அதே பாரிஸில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் என்ற நமது மூன்று பெண்பிள்ளைகளும் இறகுப்பந்தில் பதக்கம் வாங்கினார்கள். ஊனமுள்ள பெண்பிள்ளையை நாலு சுவருக்குள்ளே வைத்துக் காப்பதே அன்பு என்று எண்ணுகிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

துன்பம் என்றால் கைகால் ஊனம் மாத்திரமல்ல. தகப்பனை இழந்த பிள்ளை இருக்கிறான். தேர்வில் தவறி வெளியே தலைகாட்டாத பெண் இருக்கிறாள். வீட்டுக் கடனையும் சண்டையையும் கேட்டுக் கேட்டு மனம் சோர்ந்தவன் இருக்கிறான். இப்படிப்பட்டவர்களுக்குச் சாயங்கால வேளைதான் பொல்லாத வேளை. அந்த வேளையில் ஒரு வாலிபால் வலையோ கபடிக் கோடோ அவர்களுக்காகக் காத்திருந்தால், தனிமையும் கெட்ட சேர்க்கையும் அவர்களைப் பிடிப்பதற்கு முன்னே தோழர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஓடி வியர்த்தவனுக்குப் பசி எடுக்கும். இரவில் தூக்கம் வரும். சோர்ந்த மனதுக்கு இவ்விரண்டும் பெரிய மருந்து. 5 வயது முதல் 17 வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடம்பை அசைத்து ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் ஆலோசனை சொல்லியிருக்கிறது. ஊனமுற்ற பிள்ளைகளுக்கும் அதையே சொல்லியிருக்கிறது.

விளையாட்டு எல்லாவற்றையும் குணமாக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். போன கால் திரும்பி வராது. மரித்த தகப்பன் திரும்பி வரமாட்டார். ஜெயித்தால்தான் மதிப்பு என்று பிள்ளையை நெருக்குகிற பயிற்சியாளர் கையில் விளையாட்டே இன்னொரு பாரமாகிவிடும். வைத்தியருடைய அனுமதி முதலாவது வேண்டும். காய்ச்சலோடும் ஆறாத புண்ணோடும் மைதானத்துக்குப் போகக்கூடாது. முதுகுத்தண்டு அடிபட்டவருக்குத் தோலில் உணர்வு இராது. புண் வந்தாலும் தெரியாது. ஆகவே நாற்காலியில் நல்ல மெத்தை வேண்டும். அடிக்கடி கையூன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இரவில் தோலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரியமானவர்களே, பெதஸ்தா குளத்தண்டையில் 38 வருஷம் படுத்திருந்தவனை நினைத்துப்பாருங்கள். அவனைக் கடந்துபோனவர்களில் எத்தனை பேர் இரக்கப்பட்டிருப்பார்கள்! ஆண்டவர் அவனிடத்தில் வந்தபோது, சுகமாக உனக்கு மனதுண்டா என்று கேட்டார். இத்தனை வருஷம் அவனைச் சுமந்த படுக்கையை அவனே சுமக்கும்படி சொன்னார். எங்கள் வார்டில் இருக்கிற எல்லாரும் எழுந்து நடப்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வி எல்லாருக்கும் உரியது. இரக்கத்தோடு கேட்பதும் ஒரு இரக்கந்தான்.

ஆகையால் உங்களிடத்தில் ஒரு விண்ணப்பம். உங்கள் சபையில் ஞாயிறு பள்ளி விளையாட்டு விழா வரும். வழக்கமாய்க் கால் ஊனமுள்ள பிள்ளையைப் புள்ளி எழுத உட்காரவைக்கிறோம். அல்லது எல்லாரோடும் சேர்த்து ஒரு ஆறுதல் பரிசு கொடுத்து அனுப்புகிறோம். இந்த வருஷம் அந்தப் பிள்ளையும் இறங்கி விளையாடும்படி ஒரு போட்டியை ஏற்படுத்துங்கள். பந்து எறிதலோ, சக்கர நாற்காலி ஓட்டமோ, கேரமோ எதுவானாலும் சரி. மைதானத்துக்குள் நாற்காலி போகும்படி படியருகே ஒரு சாய்தளம் போடுங்கள். மாலைதோறும் துணைக்குப் போக வாலிபர் சங்கத்தில் ஒருவரை நியமியுங்கள். அந்தப் பிள்ளை தோற்றால் தோற்கட்டும். அடுத்த நாள் நீங்கள் அவனைப் பார்த்து, "நாளைக்கும் வா" என்று சொல்லுங்கள்.

சோர்ந்துபோன வாலிபரைப் பெலப்படுத்துகிற கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.