சென்னையா, திருவனந்தபுரமா: எங்கே குடியிருப்பது?

(நம் சங்கத்தின் பொங்கல் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்டில் ஒரு நண்பரிடம், "வீட்டைக் கொடுத்துட்டு திருவனந்தபுரம் போயிடலாமான்னு யோசிக்கிறேன்" என்று சொன்னேன். நான் நாலாவது மாடிக்கு வந்து சேர்வதற்குள் செய்தி மூன்று பிளாக்குக்கும் போய்விட்டது. செயலாளர் கூப்பிட்டு, "சார், எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. பொங்கலன்னைக்கு பத்து நிமிஷம் அதையே பேசிடுங்க" என்றார். ஓய்வு பெறும் வயதில் இருப்பவர்கள் நம் குடியிருப்பில் நிறையப் பேர். உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும். அதனால் சம்மதித்தேன்.

எனக்குச் சொந்த ஊர் கீரிப்பாறை. நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் தாண்டி மலையடிவாரம் வரை போனால் வரும். சுற்றிலும் ரப்பர் தோட்டம். என் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது. பால்வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குக் கூலியும் கிடையாது. ஆகவே வானத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது.

எங்களுக்கு அப்போது பட்டணம் என்றால் திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1 அன்றுதான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்பு எங்கள் தலைநகரமே அதுதான். பெரிய வியாதி வந்தால் இன்றைக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் ஓடுவார்கள். வேலைக்கு மட்டும் சென்னை. அப்படி வந்தவன்தான் நானும். வந்து 31 வருஷம் ஆகிறது.

போன வருஷம் ஜூன் முதல் வாரம். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்தது. 83 வயதான என் அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. காலை 6 மணிக்கு எனக்குப் போன் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஜீப்பில் தூக்கிப்போட்டு நாகர்கோவிலுக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து திருவனந்தபுரம். கழக்கூட்டத்தில் வேலை பார்க்கிற என் மகள் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸுக்கு முன்னாலேயே போய் நின்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது இரவு 9 மணி. அம்மா கண் திறந்து, "வந்துட்டியா மக்கா" என்று மட்டும் கேட்டாள். அந்த 15 மணி நேரம்தான் இந்தப் பேச்சுக்குக் காரணம்.

அதன்பிறகு மூன்று மாதம் மகள் வீட்டில் தங்கி அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். ஆகவே பத்மநாபசுவாமி கோயிலையும் கோவளத்தையும் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாக்காரனாகப் பேசவில்லை. ரேஷன், காய்கறி, குப்பை, குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

நல்ல நாட்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சென்னையில் மாநகராட்சிப் பரப்பே 426 சதுர கிலோமீட்டர். திருவனந்தபுரம் அதில் ஏறக்குறையப் பாதி, ஜனம் அதைவிடப் பல மடங்கு குறைவு. சென்னையில் வேலை அதிகம். மெட்ரோ, மின்சார ரயில், மாநகரப் பேருந்து என்று வண்டி இல்லாமலே வாழலாம். அங்கே மெட்ரோ இல்லை. மேடும் பள்ளமுமான ஊர், முட்டிவலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். ஆனால் வெயில் அங்கே மிதம். மே மாதம் நமக்கு 40 டிகிரியைத் தாண்டும். அவர்களுக்கு 35, 36 வந்தாலே பெரிய வெயில். மொழி பற்றிப் பயம் வேண்டாம். சாலைக் கடைத்தெருவிலும் கரமனை பக்கமும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். பேருந்துப் பலகையைப் படிக்க மட்டும் மலையாள எழுத்து கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு இரண்டு வாரம் ஆனது.

ஆனால் ஒரு ஊரில் குடியிருக்கலாமா என்பதை நல்ல நாளை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். தண்ணீர் வராத நாள், மழை கொட்டுகிற நாள், குப்பை தேங்குகிற நாள், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற நாள் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும்.

முதலில் தண்ணீர். 2019 கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. நம் குடியிருப்பில் லாரிக்காகப் பதினோரு நாள் காத்திருந்ததும், பாத்திரம் தேய்க்கக் குடத்தை எண்ணியதும் நினைவிருக்கும். சென்னைக்கு வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த மூன்று மாதம் ஏமாற்றினால் அடுத்த கோடையில் ஆபத்து. அதற்காகத்தான் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள்.

திருவனந்தபுரத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கீரிப்பாறைக்கு இருப்பது போல. கரமனை ஆற்றில் மேலே பேப்பாறை அணை, கீழே அருவிக்கரை. பழைய வீடுகளில் வீட்டுக்கு வீடு கிணறு. அப்படியானால் அங்கே தண்ணீர்ப் பிரச்சினையே இல்லையா? 2024 செப்டம்பரில் நாகர்கோவில் இரட்டை ரயில்பாதைக்காகப் பெரிய குடிநீர்க் குழாய்களை மாற்றும் வேலை இழுத்துக்கொண்டு போய், நகரின் பெரும்பகுதிக்கு நாலைந்து நாள் தண்ணீர் இல்லை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அப்போது கிணறு இருந்த வீடுகள் சமாளித்தன. அடுக்குமாடியில் இருந்தவர்கள் லாரிக்குக் காத்திருந்தார்கள். ஊரில் எவ்வளவு மழை பெய்தாலும் நம் கட்டடத்துக்குள் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கணக்கு.

இரண்டாவது, மழை. 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் நடுவில் ஒரே ராத்திரி மழையில் திருவனந்தபுரத்தில் வெள்ளம். மகள் வேலை பார்க்கிற கழக்கூட்டம் பக்கம் எல்லாம் தண்ணீர். டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் நம் வேளச்சேரி, பள்ளிக்கரணை முழுகியது. டிசம்பர் 17, 18-இல் நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் வெள்ளம். மூன்று மாதத்துக்குள் மகள் இருக்கும் ஊர், நான் இருக்கும் ஊர், அம்மா இருக்கும் மாவட்டம் என்று மூன்றிலும் வெள்ளம். எந்த ஊருக்குப் போனால் தப்பிக்கலாம், சொல்லுங்கள்?

காரணமும் ஒன்றுதான். இங்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதியைக் கட்டடமும் குப்பையும் எடுத்துக்கொண்டன. அங்கே நகரத்து நடுவில் ஓடுகிற ஆமையிழஞ்சான் தோடு அடைபட்டுக் கிடக்கிறது. ரயில் நிலையத்துக்கு அடியில் போகும் பகுதியில் 2024 ஜூலையில் குப்பை எடுக்க இறங்கிய ஒரு தூய்மைப் பணியாளர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். மேலே நாம் போட்ட பிளாஸ்டிக்தான் அது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் கிடையாது.

மூன்றாவது, குப்பை. இதில் அவர்கள் நமக்கு ஒரு படி மேலே. அவர்கள் குப்பையெல்லாம் முன்பு விளப்பில்சாலை என்ற கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கிராமத்து ஜனங்கள் போராடி 2011 டிசம்பரில் அந்த ஆலையை மூட வைத்தார்கள். கொட்ட இடம் இல்லாமல் போனதும் வீட்டிலேயே மக்கவைக்கக் கற்றுக்கொண்டார்கள். மகள் வீட்டுப் பின்பக்கம் அடுக்குத் தொட்டி இருக்கிறது. சமையல் கழிவு அதில் போகும். பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து வைத்தால் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதா மாதம் வந்து, கட்டணம் வாங்கிக்கொண்டு எடுத்துப் போவார்கள். முதல் வாரம் பால் கவரைக் கழுவச் சொன்னபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. நமக்குப் பெருங்குடியும் கொடுங்கையூரும் இருக்கிற தைரியத்தில் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வாசலில் வைக்கிறோம். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு எரிந்தபோது அந்தப் புகை எல்லார் வீட்டுக்கும்தானே வந்தது?

நான்காவது, ஆஸ்பத்திரி. சென்னையில் இல்லாத வைத்தியம் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இருக்கிறது. சென்ட்ரல் எதிரே அரசுப் பொது மருத்துவமனை. திருவனந்தபுரத்தில் மெடிக்கல் காலேஜ், ஸ்ரீசித்திரா, ஆர்.சி.சி. மூன்றும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. தரத்தில் இரண்டு ஊரையும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் கணக்கு வேறு. கீரிப்பாறையிலிருந்து திருவனந்தபுரம் நூறு கிலோமீட்டருக்குள். சென்னை ஏறக்குறைய 700. 2024 ஆகஸ்டில் விட்ட வந்தே பாரத் ரயிலிலும் நாகர்கோவில் போக 9 மணி நேரம் ஆகிறது. எலும்பு முறிந்து கிடக்கிற அம்மாவுக்கு 9 மணி நேரம் நீளம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மகள் வீட்டில் இருந்த மூன்று மாதத்தில் தெருவில் எனக்குத் தெரிந்தவர்கள் நான்கு பேர். எல்லாரும் நல்லவர்கள், காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பார்கள். 2015 டிசம்பரில் இங்கே தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்த இரவில், அந்த ஆறு குடும்பங்களையும் மேல் மாடிக்காரர்கள் நாம் பங்குபோட்டு வைத்துக்கொண்டோம். என் வீட்டு ஹாலில் ஒன்பது பேர் படுத்திருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் இப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மாதிரி மனிதர்களைச் சேர்க்க எனக்கு 31 வருஷம் ஆனது. 64 வயதில் புதிய ஊரில் திரும்பத் தொடங்க முடியுமா என்று எனக்குப் பயம் இருக்கிறது. என் மனைவிக்கு அந்தப் பயம் என்னைவிட அதிகம்.

அம்மாவிடம் கேட்டேன். "நீ எங்க வேணும்னாலும் இரு மக்கா. நான் விளிச்சா அன்னைக்கே வந்து சேரணும், அவ்வளவுதான்" என்றாள். சென்னைக்கு வருவாளா என்றால் அதற்குப் பதிலே சொல்லமாட்டாள்.

ஆகவே எங்கள் முடிவு இது. வீட்டை விற்கவில்லை. ஜூன் மாதம் திருவனந்தபுரத்தில் தரைத்தளமாக ஒரு வீடு வாடகைக்கு எடுத்துப் போகிறோம். அம்மா இருக்கும் வரை அங்கே. அதற்குப் பிறகு யோசிப்போம். வேறு ஊருக்குப் போக நினைப்பவர்களுக்கு என் யோசனையும் அதுதான். உடனே விற்காதீர்கள். போகிற ஊரில் மூன்று மாதமாவது வாடகைக்கு இருங்கள், அதில் ஒரு மழைக்காலமும் இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியவர் விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்வீர்கள் என்று கணக்குப் போடுங்கள்.

போவதற்கு முன் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாமும் குழி தோண்டினோம். இப்போது அதில் பாதி மண்ணும் இலையும் அடைத்துக் கிடக்கிறது. செப்டம்பருக்குள் மணலையும் ஜல்லியையும் மாற்ற வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் மீட்டர். இரண்டு பேர் இருக்கிற வீடும் ஆறு பேர் இருக்கிற வீடும் ஒரே மெயின்டனன்ஸ் கட்டுவதால்தான் யாரும் குழாயை மூடுவதில்லை. மூன்றாவது, பின்பக்கக் காலி இடத்தில் சமையல் கழிவை மக்கவைக்கத் தொட்டி. எப்படிச் செய்வது என்று நானே காட்டித் தருகிறேன், மகளிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது.

மீட்டருக்கு மூன்று இடத்தில் விலை கேட்டு வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மாடியில் கூடுகிறோம். ஜூன் மாதத்துக்குள் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் நான் பெட்டி கட்டுவேன். நீங்கள் வாருங்கள்.

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.