இரண்டு தெனாரியமும் மீதிக் கணக்கும்

வானொலி மறையுரை: பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு
நற்செய்தி: லூக்கா 10:25-37



இன்றைய நற்செய்தியில் திருச்சட்ட அறிஞர் ஒருவர் இயேசுவிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார். நிலைவாழ்வை அடைய நான் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் கேள்வி. எனக்கு அடுத்திருப்பவர் யார் என்பது இரண்டாவது. முதல் கேள்வி சாவைத் தாண்டிய வாழ்வைப் பற்றியது. இரண்டாவது கேள்வி நாம் அன்றாடம் நடக்கும் சாலையைப் பற்றியது. இயேசு இரண்டுக்கும் சேர்த்து ஒரே கதையைப் பதிலாகச் சொன்னார்.

இன்று நம் வீடுகளில் இந்த இரண்டு கேள்விகளும் பிரிந்து நிற்கின்றன. ஞாயிறு திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிட்ட பிள்ளைகள் பலர் பெற்றோரிடம் கேட்கிறார்கள்: "யாருக்கும் தீங்கு செய்யவில்லை. இரத்ததானம் செய்கிறேன். வெள்ளம் வந்தால் உணவுப் பொட்டலத்தோடு போய் நிற்கிறேன். நல்ல மனிதராக வாழ்ந்தால் போதாதா? அதற்குக் கடவுள் எதற்கு?" சில வீடுகளில் இந்தக் கேள்விக்குக் கோபம் பதிலாகிறது; சில வீடுகளில் கண்ணீர். ஆனால் இது பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கேட்பவர் நம் பிள்ளை என்பதால் மட்டுமல்ல, கேள்வியே நேர்மையானது என்பதாலும்.

இந்தச் சிந்தனைக்குச் சமயம் சாராத மனிதநேயம் என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஏழு ஆண்டுகளில், 1952ஆம் ஆண்டு, பல நாடுகளின் மனிதநேயர்கள் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடி, தங்கள் கொள்கையை ஓர் அறிக்கையாக வெளியிட்டார்கள். தமிழ் மண்ணுக்கும் இது புதிதல்ல. கடவுளை விட்டுவிட்டு மனிதனை நினைக்கச் சொன்ன பெரியாரின் குரலைக் கேட்டு வளர்ந்த மண் இது. இவர்கள் சொல்வது சுருக்கமாக இதுதான்: நாம் இயற்கையில் தோன்றியவர்கள், நம்மைத் திட்டமிட்டு அனுப்பியவர் எவரும் இல்லை. துன்பத்துக்கு மறைவான காரணம் எதுவும் கிடையாது. அறிவாலும் இரக்கத்தாலும் அதைக் குறைக்க வேண்டியது நம் கடமை. சாவோடு எல்லாம் முடிகிறது. ஆகவே இருக்கும் ஒரே வாழ்வை ஒருவருக்கொருவர் உதவியாக வாழ்வோம்.

இப்படி வாழ்பவர்களைப் பார்த்து, கடவுள் இல்லையென்றால் ஒழுக்கமும் இல்லை என்று நம்மில் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இன்றைய நற்செய்தி அப்படிச் சொல்ல நமக்கு இடம் தரவில்லை. அடிபட்டுக் கிடந்தவரைப் பார்த்தும் விலகிப் போனவர்கள் யார்? ஒரு குரு, ஒரு லேவியர். நின்றவர் யார்? சரியான நம்பிக்கை இல்லாதவர் என்று யூதர்கள் ஒதுக்கிவைத்த ஒரு சமாரியர். நம்பிக்கை உள்ளவர்தான் நிற்பார், இல்லாதவர் கடந்து போவார் என்று ஆண்டவர் கதையை அமைக்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை அறிந்திருந்தது. 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், சங்கத்தின் இறுதிப் பொது அமர்வில், திருத்தந்தை ஆறாம் பவுல் கடவுளை விட்டுவிட்ட மனிதநேயத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். இரண்டும் சந்தித்தபோது மோதலும் கண்டனமும் நிகழ்ந்திருக்கலாம். ஆனால் நிகழவில்லை என்றார். சமாரியரின் பழைய கதையே சங்கத்தின் ஆன்மிகத்துக்கு மாதிரியாய் இருந்தது என்றும் சொன்னார். அதே நாளில் வெளியான 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் கொள்கைத் திரட்டு இன்னும் ஒரு படி மேலே சென்றது. நம்பிக்கை கொண்டோரின் வாழ்வே கடவுளின் முகத்தை மறைத்துவிடும்போது, இறைமறுப்பு தோன்றுவதில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று அது கூறுகிறது.

ஆக, சாலையோரத்தில் செய்ய வேண்டிய வேலையைப் பொறுத்தவரை நமக்கும் அவர்களுக்கும் பெரிய சண்டை இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1947இல் வெளியிட்ட கொள்ளைநோய் பற்றிய நாவல் இதைக் காட்டுகிறது. அல்ஜீரியாவின் ஓரான் நகரில் பிளேக் பரவுகிறது. கடவுளை நம்பாத மருத்துவர் ரியோ இரவுபகலாய் உழைக்கிறார். பனலூ என்னும் குருவானவர், இந்த நோய் நகரத்தாருக்கு வந்த தண்டனை என்று முதலில் மறையுரை ஆற்றுகிறார். பிறகு தொண்டர்களோடு சேர்ந்து, ஒரு சிறுவன் துடிதுடித்துச் சாவதை அருகிலிருந்து பார்க்கிறார். அவருடைய இரண்டாவது மறையுரையில் ஒரு சொல் மாறிவிடுகிறது. முன்பு 'நீங்கள்' என்று பேசியவர் இப்போது 'நாம்' என்கிறார். நோயாளியின் கட்டில் அருகே மருத்துவரும் குருவும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? இரண்டு இடங்களில் அதைப் பார்க்கலாம்.

முதலாவது, 'ஏன்' என்ற கேள்வி. 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பாரிஸில் ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமைகள் பற்றிய உலகளாவிய அறிக்கையை ஏற்றுக்கொண்டது. அதற்கான முன்னோட்ட ஆய்வில் யுனெஸ்கோ பல நாட்டுச் சிந்தனையாளர்களிடம் கருத்துக் கேட்டது. கத்தோலிக்க மெய்யியலாளர் ஜாக் மாரித்தேன் அதில் பங்கேற்றார். எதிரெதிர்க் கொள்கை உடையவர்கள் ஒரே உரிமைப் பட்டியலை ஏற்க முடிந்தது. ஏன் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது என்பதே நிபந்தனை என்ற பொருளில் அவர் எழுதினார். மனித மாண்பு எதில் வேரூன்றியது? அறிவிலும் சுதந்திரத்திலும் உணர்விலும் என்று மனிதநேயர் பலர் சொல்வர். கடவுளின் சாயலில் என்று நாம் சொல்கிறோம். எரிகோ சாலையில் கிடந்தவரைப் பாருங்கள். அவர் பேசவில்லை, சிந்திக்கவில்லை, பாதி உயிரோடு கிடக்கிறார். அவருடைய பெயரோ ஊரோ கதையில் இல்லை. ஆனாலும் அவருடைய மாண்பு ஒரு துளியும் குறையவில்லை. தாயின் வயிற்றில் இருக்கும் சிசு, நினைவிழந்து படுக்கையில் கிடக்கும் முதியவர், மனவளர்ச்சி குன்றிய குழந்தை ஆகியோரின் மாண்பு அவர்களுடைய திறமையைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. அது கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் திரும்பப் பெறுவதும் இல்லை.

இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. சமாரியர் வந்து சேர இரண்டு மணி நேரம் தாமதமாகியிருந்தால்? கிடந்தவர் இறந்திருந்தால்? உதவி வந்து சேராமலேயே இறந்துபோனவர்கள்தாம் வரலாற்றில் எத்தனை பேர்! பஞ்சத்தில் செத்த குழந்தைகள், வதைமுகாம்களில் எரிக்கப்பட்டவர்கள், போரில் காணாமல் போனவர்கள். நாளைக்கே உலகில் அநீதி ஒழிந்துவிட்டாலும் இவர்களுக்கு என்ன கிடைக்கும்? இந்தக் கேள்வி நம்பிக்கையாளர்களை மட்டும் வருத்தவில்லை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007ஆம் ஆண்டு எதிர்நோக்கு பற்றி எழுதிய சுற்றுமடலில், கடவுளை நம்பாத ஜெர்மானிய மெய்யியலாளர் அடோர்னோவை நினைவுகூர்கிறார். முழுமையான நீதி என்றால், இன்றைய துன்பம் நீங்குவது மட்டும் போதாது. முடிந்துபோன துன்பமும் திருத்தப்பட வேண்டும் என்று அடோர்னோ உணர்ந்திருந்தார். அப்படியென்றால் இறந்தோர் உயிர்த்தெழாமல் நீதி முழுமை பெறாது என்கிறார் திருத்தந்தை.

இப்போது கதையின் முடிவைக் கவனியுங்கள். சமாரியர் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். பிறகு, இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறார். பழங்காலத் திருச்சபைத் தந்தையர் பலர் இந்தச் சமாரியரில் கிறிஸ்துவையே கண்டார்கள். சாவடி திருச்சபை, அவர் திரும்பி வருவது இறுதி நாள். இரண்டு தெனாரியம் என்பது மனிதர் செய்யக்கூடியது: மருந்து, உணவு, நியாயமான கூலி, நல்ல சட்டம். அதை மனிதநேயரும் கொடுக்கிறார். நாமும் கொடுக்க வேண்டும். ஆனால் மீதிக் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்தக் கணக்கை எந்த அரசாலும், எந்த அறிவியலாலும் தீர்க்க முடியாது. அதைத் தீர்க்க ஒருவர் திரும்பி வருவார் என்பதே நம் விசுவாசம். அவர் தாமே அடிபட்டு, கல்லறை வரை போய்த் திரும்பியவர். ஆகவே அந்த வாக்கை நம்புகிறோம்.

இந்த எதிர்நோக்கைப் பிறருக்குக் காட்டுவது எப்படி? இங்கேதான் நம் சொந்தப் பிள்ளைகள் நம்மை மடக்குகிறார்கள். "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்று ஞாயிறுதோறும் சொல்கிறீர்கள். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி ஏன்?" என்று கேட்கிறார்கள். நம் தமிழ்நாட்டுப் பங்குகள் சிலவற்றில் இது இன்னும் உண்மை. இந்தியத் திருச்சபையில் சாதிப் பாகுபாடு இருப்பதை நம் ஆயர் பேரவையே 2016ஆம் ஆண்டு தலித் மக்கள் பற்றிய கொள்கை ஆவணத்தில் ஏற்றுக்கொண்டது. இறந்தோர் அனைவரும் ஒன்றாய் எழுவர் என்று அறிக்கையிட்டுவிட்டு, அவர்களுக்கு நடுவே சுவர் கட்டினால், அந்தச் சுவர் நம் விசுவாச அறிக்கையை மறுக்கிறது. அதைக் கண்டு விலகும் இளைஞருக்கு வாதத்தால் பதில் சொல்ல முடியாது. சுவரை இடிப்பதுதான் பதில். திரும்பி வருபவர் மீதியைப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி இரண்டு தெனாரியத்தைக் கொடுக்காமல் போகிறவர், குருவும் லேவியரும் போன பாதையில்தான் போகிறார்.

ஆகவே அன்புப் பெற்றோரே, நல்ல மனிதராக வாழ்ந்தால் போதாதா என்று பிள்ளை கேட்டால், அந்த நல்லதை முதலில் பாராட்டுங்கள். அது கடவுளிடமிருந்தே வருகிறது, அவர் பெயர் சொல்லப்படாவிட்டாலும். அடுத்தமுறை உணவுப் பொட்டலம் கட்டும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். பேச்சு தானாக வரும். அப்போது மெதுவாகக் கேளுங்கள்: நம் கை எட்டாமல் போனவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? அந்தக் கேள்வியைப் பிள்ளையின் மனத்தில் விட்டுவிட்டு, திருப்பலியில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். திருப்பலியில் திருச்சபை தன் பிள்ளைகளுக்காக மட்டும் மன்றாடுவதில்லை. யாருடைய நம்பிக்கையைக் கடவுள் ஒருவரே அறிவாரோ, அந்த இறந்தோருக்காகவும் மன்றாடுகிறது. அந்த மன்றாட்டில் காம்யுவுக்கும் இடம் உண்டு. நம் பிள்ளைக்கும் இடம் உண்டு.

மன்றாடுவோம். இரக்கமுள்ள ஆண்டவரே, சாலையோரத்தில் கிடப்பவரைக் காணும் கண்ணை எங்களுக்குத் தாரும். எங்கள் கையில் இருக்கும் இரண்டு தெனாரியத்தைத் தயங்காமல் கொடுக்கக் கற்றுத்தாரும். எங்களால் தீர்க்க முடியாத கணக்கோடு நீர் திரும்பி வரும்வரை, உம்மைப் பெயர் சொல்லி அழைப்போரும் அழைக்காதோரும் ஒருவரையொருவர் தாங்கி நடக்க அருள்புரியும். ஆமென்.