நெல் விலை யார் எழுதிய எழுத்து?

(தஞ்சை வட்டாரத்துக் கிராமம் ஒன்றில், அறுவடைக்குப் பின் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பல நாட்டு அயல்நாட்டு மந்திரிகள் ஒன்றுகூடி வெளிநாட்டுக் கொள்கையையும் வர்த்தகத்தையும் பற்றிச் செய்துகொள்ளும் ஏற்பாடுகளாகும். வரும் வழியில் ஒரு தோழர், "ஐயா, சேற்றில் நிற்கிறவனுக்கு மந்திரிகள் மாநாட்டுச் சங்கதி எதற்கு?" என்று கேட்டார். கேட்டது நியாயந்தான். ஆனால் அதே தோழர் நாலு அடி நடப்பதற்குள், "நெல்லுக்கு விலையில்லை, எல்லாம் தலையெழுத்து" என்றும் சொன்னார். அந்த எழுத்தை எழுதுகிறவர்கள் யார் என்பதைத்தான் நான் இப்போது சொல்லப்போகிறேன்.

நம் பாட்டன்மார் காலத்தை எண்ணிப் பாருங்கள். 1930-களில் உலகமெங்கும் வியாபாரம் மந்தப்பட்டபோது, பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த மலிவான அரிசி சென்னை மாகாணத்தில் குவிந்தது. தஞ்சை நெல் விலை சரிந்தது. தஞ்சை ஜில்லாவில் உள்ள அத்தனை பேர் ஜாதகத்திலும் ஒரே சமயத்தில் சனி வந்து உட்கார்ந்துவிட்டதா? பிறகு 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி அடியோடு நின்றது. அடுத்த வருஷம் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் மாண்டார்கள். அன்று கப்பலை விடுவதா, வரி போடுவதா என்பதை லண்டனுக்குக் கட்டுப்பட்ட சர்க்கார் முடிவு செய்தது. பர்மாக் குடியானவனையோ தஞ்சைக் குடியானவனையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று நிலைமை வேறு. நமக்கு ஓட்டு இருக்கிறது. நம் சர்க்காருக்கு வெளிநாட்டுச் சபைகளில் நாற்காலி இருக்கிறது. நாகப்பட்டினக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிகிற அந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கென்றே ஒரு சபை உண்டு. 1997-ம் வருஷம் ஜூன் 6-ந் தேதி பாங்காக்கில் தோன்றிய அதற்கு இப்போது பிம்ஸ்டெக் என்று பெயர். இந்தியா, இலங்கை, வங்காளதேசம், மியான்மர், தாய்லாந்து, நேபாளம், பூட்டான் ஆகிய 7 நாடுகளும் அதில் சேர்ந்தவை. ஏழிலும் அரிசிச் சோறு உண்ணுகிறார்கள். இந்நாடுகளின் அயல்நாட்டு மந்திரிகள் கூடிப் பேசுகிறார்கள். 2004-ல் தடையற்ற வர்த்தகத்திற்கு அடிப்படை ஒப்பந்தமும் செய்தார்கள். இருபது வருஷம் கழிந்தும் முழு ஒப்பந்தம் முடிந்தபாடில்லை.

இதனால் நமக்கென்ன நஷ்டம் என்கிறீர்களா? சொல்லுகிறேன்.

2023 ஜூலை 20-ந் தேதி, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று இந்திய சர்க்கார் உத்தரவு போட்டது. ஆகஸ்டில் புழுங்கலரிசி ஏற்றுமதிக்கு 100-க்கு 20 வரி போட்டது. உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் ஏறக்குறைய 100-க்கு 40 பங்கு நம்முடையது. அதில் கணிசமான பகுதியைத் திடீரென்று அடைத்தால் என்ன ஆகும்? உலகச் சந்தையில் விலை பதினைந்து வருஷங்களில் காணாத உயரத்துக்கு ஏறிற்று. உள்நாட்டில் விலை ஏறாமலிருக்கவே செய்தோம் என்றார்கள். உண்பவன் வயிற்றைக் காக்க வேண்டியதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெளியே ஏறிய விலை நம் களத்துமேட்டுக்கு வந்து சேரவில்லை. வாங்கிச் சாப்பிடும் நாட்டு ஏழைக்கோ அடுப்பில் உலை வைப்பதே கஷ்டமாயிற்று. விளைவித்த ஏழைக்கும் லாபமில்லை, உண்ணும் ஏழைக்கும் லாபமில்லை. 2024 செப்டம்பர் கடைசியில் தடை நீங்கியது. அக்டோபரில் புழுங்கலரிசி வரியும் நீங்கியது. போட்டதும் உத்தரவு, நீக்கியதும் உத்தரவு. இதில் பிரம்மாவுக்கு என்ன வேலை?

கூடிச் செய்தால் நடக்காதா? நடந்திருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் 10 நாடுகளும், சீனா, ஜப்பான், தென்கொரியாவும் சேர்ந்து, 2011-ல் அவசர காலத்துக்கென ஒரு பொது அரிசிச் சேமிப்புக்கு ஒப்பந்தம் செய்தன. 7,87,000 டன் ஒதுக்குவதாக வாக்குக் கொடுத்திருக்கின்றன. நம் விரிகுடாக்காரர்களுக்கு அந்தப் புத்தி ஏன் வரக்கூடாது?

இன்னொன்று சொல்லுகிறேன். நீங்கள் நெல்லைக் கொட்டிவைத்துக் காத்திருக்கிறீர்களே, அந்தக் கொள்முதல் நிலையத்தின் விலைகூட ஜெனிவாவிலுள்ள உலக வர்த்தக நிறுவனத்தின் விதிக்குக் கட்டுப்பட்டது. 1986-88 வருஷத்து விலையை அளவுகோலாக வைத்து, அதற்குமேல் கொடுக்கும் ஆதரவு விளைச்சல் மதிப்பில் 100-க்கு 10-ஐத் தாண்டக்கூடாது என்பது விதி. 2013 டிசம்பரில் பாலி மாநாட்டில், வளரும் நாடுகள் பல ஒரே குரலில் வாதாடியதால்தான், வரம்பு தாண்டினாலும் வழக்குப் போடமாட்டோம் என்ற வாக்குறுதி கிடைத்தது. 2018-19-ல் இந்தியா நெல்லுக்காக அதைப் பயன்படுத்தியும் கொண்டது. தனியாய் நின்றிருந்தால் கிடைத்திருக்குமா?

ஆனால் 2024 பிப்ரவரியில் அபுதாபி மாநாட்டில் என்ன நடந்தது? நாம் கொள்முதல் செய்த அரிசியை மலிவாக ஏற்றுமதி செய்வதாகத் தாய்லாந்துப் பிரதிநிதி குற்றஞ்சாட்டினார். அவர் இருக்கும் கூட்டத்தில் உட்காரமாட்டோமென்று நம்மவர்கள் மறுத்தார்கள். நிரந்தரத் தீர்வும் ஏற்படாமல் மாநாடு கலைந்தது. ஒரே கடலில் கால் நனைக்கும் இருவர், ஒரே சபையில் அங்கத்தினர்களாயிருந்தும், தங்களுக்குள் முன்கூட்டிப் பேசி முடித்துக்கொள்ளாததன் பலன் இது.

ஆகவே தோழர்களே! நெல் விலைக்காகக் கோயிலில் கற்பூரம் கொளுத்துகிறவர்கள், அந்தக் காசில் ஒரு பத்திரிகை வாங்கிப் படியுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "ஏற்றுமதியை நிறுத்துமுன் எங்களுக்கும் அண்டை நாடுகளுக்கும் அறிவிப்பு உண்டா? விரிகுடா நாடுகளுக்குப் பொதுச் சேமிப்பு உண்டா? ஜெனிவாவில் எங்கள் நெல்லுக்காக யாரைச் சேர்த்துக்கொண்டு பேசினீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு வரும்படி திருப்பி அனுப்புங்கள்.

நான் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் விற்பனைச் சீட்டையும் நான் சொன்ன தேதிகளையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பாருங்கள். சரியென்று பட்டால் பக்கத்து வயல்காரருக்கும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இவ்வளவோடு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.