நடையும் ஊணும்: நாகலாபுரத்தில் இரு நாள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பெரிய பொருள் அன்று. பத்துப் பன்னிருவர் ஒன்றுகூடி, சனியும் ஞாயிறுமாக இரு நாள், ஓரூருக்குச் சென்று, நடந்து, அவ்வூர் உணவை உண்டு திரும்புவதைப் பற்றியது. ஐரோப்பாவில் இஃது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கின்றது. மத்தியதரைக் கடற்கரையில் ஸ்பெயின் நாட்டுக்குரிய பார்சிலோனா என்னும் நகரம் இருக்கின்றது. முன்னே கடல், பின்னே கொல்செரோலா என்னும் மலைத்தொடர், நடுவே போக்கேரியா என்னும் பழைய சந்தை. காலையில் மலையில் நடந்து, பிற்பகல் சந்தையைச் சுற்றியுள்ள கடைகளில் மீனும் ரொட்டியும் உண்டு மகிழக் கூட்டங்கூட்டமாக அங்கே செல்கின்றார்கள்.

ஆனால் 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நகரத்து மக்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் வந்தார்கள். உணவுக் கடைகளின் வாயிலில் அமர்ந்திருந்த வெளியூர்ப் பயணிகள்மேல் விளையாட்டு நீர்த்துப்பாக்கிகளால் தண்ணீர் பீச்சினார்கள். விருந்தினர் பெருகப் பெருக வீட்டு வாடகை ஏறியது. ஊரார் ஊரில் குடியிருக்க இயலாமற் போயிற்று என்பது அவர்கள் குறை. விருந்தோம்பலைப் போற்றும் நமக்கு இச்செய்தி வியப்பாக இருக்கலாம். எனக்கு அது வேறொன்றை நினைவூட்டியது. விருந்தினனாகச் சென்ற நான் ஓர் ஊரில் எப்படி நடந்துகொண்டேன் என்பதை நினைத்துக்கொண்டேன். அவ்வூர் நாகலாபுரம்.

நாகலாபுரம் சென்னைக்கு வடமேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில், ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் இருக்கின்றது. பெரியபாளையத்தைக் கடந்து, ஊத்துக்கோட்டையில் தமிழ்நாட்டு எல்லை முடிந்து, சிறிது தொலைவில் ஆரணியாற்றங்கரைச் சுருட்டப்பள்ளி வருகின்றது. ஆலகால நஞ்சை உண்ட இறைவன் அம்மையின் மடியில் தலைசாய்த்துப் பள்ளிகொண்ட கோலத்தை அங்கே காணலாம். உண்டபின் ஓய்வு கொள்ளுதல் கடவுளுக்கும் வேண்டியிருந்தது போலும்! அதனையடுத்து நாகலாபுரம். முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022-இல் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதனுட் சேர்ந்தது.

விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் இது. அவர் ஆட்சிக்காலம் 1509 முதல் 1529 வரை. இங்குள்ள வேதநாராயணப் பெருமாள் கோயில் இன்று திருமலை திருப்பதி தேவஸ்தானத்தாரின் பொறுப்பில் இருக்கின்றது. பெருமாள் இடைக்குக் கீழே மீன் வடிவினர். அரக்கன் கவர்ந்து சென்ற மறைகளைக் கடலுக்குள் புகுந்து மீட்ட கதையைச் சொல்லும் திருவுருவம். கோயில் மேற்கு நோக்கியது. ஆதலின் பங்குனி மாதத்தில் மூன்று நாள், மாலைக் கதிரவனின் ஒளி கோபுர வாயில் வழியே புகுந்து கருவறையை எட்டுகின்றது. முதல் நாள் திருவடி, மறுநாள் நாபி, மூன்றாம் நாள் நெற்றி என்று ஒளி படிப்படியாக ஏறும்.

ஊருக்கு அப்பால் மலைகள். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை, பெரும் உயரமில்லாதவை. ஆனால் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அவற்றின் இடுக்குகளில் ஓடைகள் ஓடும். பாறைகளுக்கிடையே தெளிந்த மடுக்கள் தேங்கி நிற்கும். இவற்றைச் சென்னை இளைஞரிடையே பரவலாக அறியச் செய்தவற்றுள், பெல்ஜிய நாட்டவராகிய பீட்டர் வான் கெய்ட் 2008-இல் தொடங்கிய சென்னை மலையேற்றக் குழுவைக் குறிப்பிடல் வேண்டும். அதன்பின் வாரந்தோறும் வண்டிகள் வரத் தொடங்கின. வருவோர் நள்ளிரவில் சென்னையை விட்டுப் புறப்படுவர், விடியலில் மலையடிவாரம் சேர்வர், மடுவில் நீந்துவர், கொண்டுவந்ததை உண்பர், இருட்டியதும் திரும்பிவிடுவர். நாகலாபுரத்தின் தெருவையோ கோயிலையோ அவருட் பலர் கண்டதே இல்லை. ஊருக்கு அவர்கள் விட்டுச் செல்வது பிளாஸ்டிக் புட்டிகளும் காகிதத் தட்டுகளுமே.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானும் அவ்வாறே சென்றவன்.

எங்கள் குடும்பம் நாற்புறமும் சிதறிய குடும்பம். நான் தில்லியில், தமையனார் நாகபுரியில், தமக்கையார் கொல்கத்தாவில். ஒரு தைத் திங்களில் எல்லோரும் சென்னையில் கூடினோம். திருமண மண்டபத்திலன்றி வேறெங்கும் சந்தித்திராத பிள்ளைகள் ஒருவரோடொருவர் ஆங்கிலத்தில் இரண்டு சொல் பேசிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களை ஒன்றாக நடக்க வைத்தாலொழிய வழியில்லை என்று எனக்குத் தோன்றியது. பதினொருவராக நாகலாபுரம் புறப்பட்டோம். வனத்துறையின் அனுமதி பெற்று, மலையடிவாரத்தவர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டோம். அதுவரை எல்லாம் முறையாகவே நடந்தது.

பிழை உணவில் நேர்ந்தது, பிழை என்னுடையது. வெளியூரில் வாய்க்குப் பிடித்தது கிடைக்காது என்று கருதி, புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்குக் கறி, வடை என்று ஐந்து அடுக்குகள் நிறையக் கட்டுவித்தேன். கட்டுச்சோறு நம்மவர் கண்ட அரிய கலை என்பதில் ஐயமில்லை. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக்கு நடந்து சென்று சித்திரான்னங்களைப் பகிர்ந்துண்ட நம் பாட்டியருக்கு, பார்சிலோனாக்காரர் கற்பிக்க வேண்டியது ஒன்றுமில்லை. புளியும் உப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து சோற்றை ஒரு பகல் முழுதும் கெடாமற் காக்கும். தயிர்ச்சோற்றுக்கு, குழைந்த சோற்றில் பாலை மிகுதியாக விட்டுத் தயிரைச் சிறிதே சேர்த்துப் பிசைந்து வைத்தால், நடந்து சேர்வதற்குள் பால் உறைந்து, புளிப்பேறாமல் உண்ணத் தகுதியாக இருக்கும். ஆனால் ஐந்து அடுக்குகளைப் பாறை மேல் தூக்கிச் செல்வது யார்? மைத்துனருக்கு முழங்கால் வலி. பிள்ளைகள் தூக்கினார்கள், முணுமுணுத்தார்கள், வழியெங்கும் யாருடைய முறை என்ற வழக்குத்தான்.

மடுவை அடைந்ததும் அடுக்குகளைப் பாறைமேல் வைத்துவிட்டுக் கால் நனைக்கச் சென்றோம். திரும்பிப் பார்த்தபோது குரங்குகள் பந்தி போட்டிருந்தன. எனது ஏற்பாடு முழுவதையும் அவை கால் மணி நேரத்தில் முடித்துவிட்டன. உருளைக்கிழங்கை மட்டும் ஏனோ தொடவில்லை.

பசியோடு இறங்கினோம். ஊருக்குள் வரும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. கடைத்தெருவில் ஓர் அம்மையார் நடத்தும் சிறிய உணவுக்கடையில் நுழைந்தோம். அவர் எங்கள் தமக்கையாரைப் பார்த்து, "சோறு தீந்துபோச்சு அக்கா, சங்கட்டி கெளறித் தர்றேன், துன்றீங்களா?" என்றார். சங்கட்டி என்பது தெலுங்கில் கேழ்வரகுக் களிக்குப் பெயர். "களி தின்னும்படி என்ன குற்றம் செய்தோம்?" என்றார் தமையனார். அம்மையாரும் சேர்ந்து சிரித்தார்.

நொய்யரிசி கொதித்து வெந்த நீரில் கேழ்வரகு மாவைத் தூவி, கட்டி விழாமல் கோலால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் உருண்டையாகப் பிடித்து இலையில் வைத்தார். நடுவில் விரலால் குழித்து அதில் குழம்பை வார்த்துக்கொள்ள வேண்டும். அருகே வேர்க்கடலைச் சட்னி. நிலக்கடலை இந்த வறண்ட நிலங்களின் பயிர். ஆகவே சட்னியில் தேங்காய்க்கு வேலையில்லை. புளிச்சகீரைக் கடைசலும் இருந்தது. களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று கொல்கத்தாப் பிள்ளைக்கு அந்த அம்மையாரே செய்து காட்டினார். அவன் இரண்டு உருண்டை கேட்டு வாங்கினான். அரை மணி நேரம் ஒருவரும் கைப்பேசியைத் தொடவில்லை. கை முழுதும் களி அல்லவா!

அந்த அம்மையாரின் பேச்சில் தமிழும் தெலுங்கும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்தன. இந்த வட்டாரத்தின் வரலாறே அப்படிப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது எல்லைச் சிக்கல் தீரவில்லை. 1960 ஏப்ரல் முதல் நாள்தான் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்கும் மாறின. கோடு மாறியதே தவிர, மக்கள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மாறவில்லை. 1996 முதல் கிருஷ்ணா நதியின் நீர் கால்வாய் வழியே ஊத்துக்கோட்டை அருகே எல்லை கடந்து பூண்டி ஏரிக்கு வந்து சென்னைக்குக் குடிநீராகின்றது. இவர்கள் மண்ணைக் கடந்து வரும் நீரைக் குடிக்கின்ற நாம், இவர்கள் கடையில் ஒரு வேளை உண்பதற்கு அஞ்சிச் சோறு கட்டிக்கொண்டு போனோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

காட்டைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். திருப்பதியைச் சூழ்ந்த இம்மலைகள் செம்மரம் விளையும் நிலம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழ்த் தொழிலாளர் ஆந்திரக் காவற்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். வடதமிழ்நாட்டு ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நாம் அதே தமிழைப் பேசிக்கொண்டு, விலையுயர்ந்த காலணியணிந்து, அதே மலைத்தொடர்களில் பொழுதுபோக்காக நடக்கின்றோம். அனுமதிச் சீட்டு என்பது வெறும் காகிதம் என்று எண்ணுவோர் இதனைச் சிறிது நினைத்துப் பார்க்கலாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் இருபதுக்கு மேற்பட்டவர் மாண்டதையும் மறத்தலாகாது. கோடையில் இம்மலைகளும் சருகாகக் காய்ந்து கிடக்கும். அப்போது செல்ல வேண்டா. ஐப்பசி, கார்த்திகையில் ஓடை எந்த நாழிகையில் பெருகும் என்று சொல்ல இயலாது. மார்கழிப் பிற்பகுதி முதல் மாசி வரை தக்க காலம். மடுக்கள் மேலே அமைதியாகத் தோன்றினும் ஆழமும் வழுக்கலும் உடையவை. நீந்தத் தெரியாதவர் கரையிலிருந்தே காண்க. குழுவில் மெல்ல நடப்பவரை முன்னே விடுங்கள். அவர் நடையே எல்லோர் நடையுமாகட்டும். வலியவர் ஒருவர் கடைசியில் வரட்டும். இந்த ஒழுங்கை நாங்கள் பின்பற்றியதனால்தான் முழங்கால் வலியுடைய மைத்துனர் பசியோடேனும் இறங்கி வந்தார்.

மும்பையிலிருந்து சென்னை வரும் இரயில்கள் பல ரேணிகுண்டா வழியே வருவன. அப்பகுதி அன்பர்கள் சென்னைவரை செல்லாமல் ரேணிகுண்டாவிலோ புத்தூரிலோ இறங்கிச் சாலை வழியே வரலாம். மற்றவர்க்குச் சென்னை மாதவரத்திலிருந்து பேருந்து உண்டு. முதல் நாள் பிற்பகல் சுருட்டப்பள்ளியையும் வேதநாராயணர் கோயிலையும் கண்டு, தெருக்களில் நடந்து, இரவு உணவை ஊரிலேயே கொள்ளுங்கள். மறுநாள் எத்தனை பேருக்குக் களி வேண்டும் என்பதைக் கடையில் அப்போதே சொல்லிவைத்தால், அவர்களுக்கும் மாவு வீணாகாது. உங்களுக்கும் காத்திருப்பு இல்லை. விடியலில் மலை ஏறி, நண்பகலுக்குள் இறங்கிவிடலாம். மலைக்குத் தண்ணீரும், ஆளுக்கு ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் போதும்.

வருகின்ற தையில் நாங்கள் மீண்டும் செல்ல இருக்கின்றோம். இம்முறை பதினால்வர். அடுக்கு ஒன்றே, அதிலும் தயிர்ச்சோறு மட்டுமே. அதனைத் தமக்கையார் தம் மடியிலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கின்றார்.