மருந்து பட்ட கண்ணும் பூ விழுந்த கண்ணும்

(ஆனைக்குட்டத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பக்கத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுப்பது. மற்றொன்று திருத்தங்கல், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஆலைகளில் கலப்பது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாம் சேர்ந்த அந்த மருந்து, நம் பிள்ளைகளின் அப்பா அம்மா கையிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருகிறது. "கண்ணுல மருந்து பட்டுருச்சு டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால் எந்த மருந்து என்று நான் திருப்பிக் கேட்டுக்கொள்வேன். இன்று இரண்டையும் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் கண் மருத்துவர் இல்லை. அறிவியல் ஆசிரியை. இந்தப் பொருளை நான் கற்றுக்கொண்டதற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன். ஞாயிற்றுக்கிழமை பாட்டியோடு மக்காச்சோளக் காட்டுக்குப் போயிருக்கிறான். சோளத்தோகை வலது கண்ணில் அடித்துவிட்டது. திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தபோது கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. நான் என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. 'மெட்ராஸ் ஐ' என்று நானே முடிவுகட்டி, மற்ற பிள்ளைகளுக்குப் பரவிவிடும் என்று ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். வருகைப் பதிவேட்டில் விடுப்பு என்று குறித்தேன். எனக்கு ஒரு கடமையை முடித்த நிம்மதி.

வீட்டில் முதலில் தாய்ப்பால் விட்டார்கள். பிறகு ஒரு மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டார்கள். இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். பத்தாம் நாளும் அவன் பள்ளிக்கு வராததால் நான் வீட்டுக்குப் போனேன். இருட்டு மூலையில் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வெளிச்சத்துக்கு அழைத்துவந்து பார்த்தால், கருவிழியில் சோற்றுப் பருக்கை ஒட்டியதுபோல வெள்ளையாக ஒரு புள்ளி. பாட்டி சொன்னார்: "பூ விழுந்துருச்சு தாயி."

அன்று மாலையே மதுரைக்குப் பேருந்து ஏறினோம்.

மருத்துவர் என்ன செய்தார் என்பதை அறிவியல் ஆசிரியையாக ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த ஒரு தாள்துண்டைக் கண்ணில் தொட்டார். நீல வெளிச்சத்தில் பார்த்தபோது புண் இருந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. ஃப்ளூரசீன் என்பது அந்தச் சாயத்தின் பெயர். மரத்துப்போக மருந்து விட்டு, புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் வைத்தார்கள். நாம் வெங்காயத்தோல் பார்க்கும் அதே முறைதான். நூல் நூலாகப் பூஞ்சை இழைகள். சோளத்தோகை கண்ணில் கீறியபோது உள்ளே போன பூஞ்சை. கடையில் கொடுத்த சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கும், வலியைக் குறைக்கும். கூடவே உடலின் எதிர்ப்பையும் குறைத்துவிடும். பூஞ்சைக்கு அது உரம் போட்டதுபோல.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த அனுமதி வேண்டும். கருவிழி என்கிறோம். பெயரைக் கேட்டு அது கருப்பு நிறம் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மையில் அது கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல நிறமே இல்லாத ஒரு மூடி. நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன். பின்னால் இருக்கும் கருமைதான் அதன் வழியாகத் தெரிகிறது. தெளிவாக இருக்கவேண்டும் என்பதால் அதில் இரத்தக் குழாயே கிடையாது. ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆனால் நரம்பு முனைகள் ஏராளம். அதனால்தான் ஒரு தூசி விழுந்தால் உயிர் போகிறது. மேல்தோல் மட்டும் உரசினால் ஓரிரு நாளில் தானே வளர்ந்து மூடிவிடும். அதற்குக் கீழே புண் இறங்கிவிட்டால் ஆறும்போது தழும்பு விழும். கையில் விழும் தழும்பு அழகைத்தான் கெடுக்கும். கண்ணாடியில் விழும் தழும்பு பார்வையைக் கெடுக்கும். ஊரார் சொல்லும் பூ அதுதான்.

அப்படியானால் உரசலுக்கும் புண்ணுக்கும் இடையே உள்ள அந்த ஓரிரு நாள்தான் நம் கையில் இருப்பது. நேபாளத்தில் பக்தபூர் என்ற மாவட்டத்தில் 34,000க்கும் மேற்பட்ட மக்களிடையே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கண்ணில் கீறல் பட்டவர்கள் உடனே ஊர்ச் சுகாதாரப் பணியாளரிடம் வரவேண்டும். மூன்று நாளைக்குச் சாதாரண ஆன்டிபயாடிக் களிம்பு. 2001இல் முடிவு வெளியானது. 18 மணி நேரத்துக்குள் களிம்பு போடப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூடப் புண்ணாகவில்லை. மதுரை மாவட்டக் கிராமங்களிலும் இதே முறையில் பூஞ்சைக்கான களிம்பையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கும் பலன் நன்றாகவே இருந்தது. நான் அந்த மாணவனை வீட்டுக்கு அனுப்பியபோது அவனுக்கு அடிபட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. இந்தக் கணக்கைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பூஞ்சைப் புண்ணுக்கு எந்த மருந்து நல்லது என்பதிலும் நம் மண்ணுக்குப் பங்கு உண்டு. நாட்டமைசின் பழைய மருந்து. வோரிகோனசோல் புதியது, விலை அதிகம். புதியதுதான் உயர்ந்தது என்று பலரும் நம்பிய காலத்தில், அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவு: பழைய நாட்டமைசின்தான் மேல். உலகம் முழுவதும் மருத்துவர்கள் இன்று அதை எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த 323 பேரில் நம் பக்கத்து விவசாயக் கூலிகளும் இருந்திருக்கலாம். அரவிந்தை 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த கரிசல் காட்டுக்காரர். மூட்டுவாதத்தில் கோணிப்போன விரல்களோடு அறுவை சிகிச்சை செய்தவர், ஓய்வு பெற்ற பிறகு ஆரம்பித்தது அந்த மருத்துவமனை. நம் பிள்ளைகளுக்கு இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

இனி சுண்ணாம்புக்கு வருகிறேன். வெடிமருந்தைவிட எனக்கு அதிகப் பயம் சுண்ணாம்பு மேல்தான். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை பிளாஸ்டிக் உறையில் அடைத்து விற்கிறார்கள். குழந்தை அதைப் பிடித்து அமுக்கும். உறை வெடித்து நேராகக் கண்ணில் பாயும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் தெறிக்கும். அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குக் கொடியது. அமிலம் பட்டால் புரதம் உறைந்து அதுவே ஒரு தடுப்பாகிவிடும். காரம் செல்லின் கொழுப்பைச் சோப்பாக மாற்றிக்கொண்டே உள்ளே இறங்கும்.

இங்கே வேதியியல் நடத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காரம் பட்டால் அமிலம் விட்டு நடுநிலையாக்கலாமே என்று நமக்குத்தான் முதலில் தோன்றும். எலுமிச்சைச் சாறு பிழிந்தவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். கண் சோதனைக் குழாய் அல்ல. அந்த வினையிலும் வெப்பம் வரும். தண்ணீர் மட்டும்தான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்பே, பட்ட இடத்திலேயே, இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு, குறைந்தது பதினைந்து நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் தண்ணீர் ஓடவேண்டும். குடிக்கும் தண்ணீர் இருந்தால் நல்லது. அதைத் தேடி நேரம் போக்கவேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும். பிள்ளை அலறும், துள்ளும். இரண்டு பேர் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு 108.

பட்டாசு வெடித்துக் கண்ணில் அடிபட்டால் கதை வேறு. கண் கிழிந்திருக்கலாம், உள்ளே ஏதாவது குத்தியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் கழுவவும் கூடாது, அமுக்கவும் கூடாது, குத்தியதைப் பிடுங்கவும் கூடாது. காகிதக் கோப்பையைக் கண்ணைத் தொடாமல் கவிழ்த்து, ஓரங்களைப் பிளாஸ்திரியால் ஒட்டி அனுப்புங்கள். கவராயம் குத்தினாலும் இதேதான்.

சுண்ணாம்பு வெந்த கண்ணை எப்படிச் சரிசெய்வது? கருவிழியின் விளிம்பில், வெள்ளையும் கருப்பும் சேரும் வட்டத்தில், ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. மேல்தோலுக்கு அவைதான் நாற்றங்கால். சுண்ணாம்பு அந்த நாற்றங்காலையே எரித்துவிட்டால், மேலே புதுக் கருவிழி தைத்தாலும் நிலைக்காது. நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து மிகச் சிறு துணுக்கு எடுத்து, அதைப் பல துண்டாக்கி, பனிக்குடச் சவ்வை விரித்த கண்ணின்மேல் நட்டுவைக்கும் எளிய முறையை ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்து மருத்துவர்கள் 2012இல் வெளியிட்டார்கள். செல்களை வளர்க்கத் தனி ஆய்வுக்கூடம் தேவையில்லை. நாற்று நடுவதுபோலத்தான். வரலாற்றிலும் ஒரு சுண்ணாம்பு உண்டு. 1905 டிசம்பர் 7 அன்று, இன்றைய செக் குடியரசில் இருக்கும் ஓலமோட்ஸ் நகரில், எடுவர்ட் சிர்ம் என்பவர் மனிதரிலிருந்து மனிதருக்கு முதன்முதலாக வெற்றிகரமாகக் கருவிழி மாற்றினார். அதைப் பெற்றவர் சுண்ணாம்பில் இரு கண்ணும் வெந்துபோன ஒரு கூலித் தொழிலாளி. கொடுத்தது, இரும்புத் துண்டு பாய்ந்து அகற்றவேண்டியிருந்த ஒரு பதினோரு வயதுப் பையனின் கண். ஒரு கண்ணில் ஒட்டவில்லை. மற்றதில் ஒட்டியது.

நம் நாட்டின் முதல் கண் வங்கி சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில், 1945இல், டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா காலத்தில் தொடங்கியது. அந்த மருத்துவமனை 1819இலிருந்து இருக்கிறது.

என் மாணவனுக்கும் கடைசியில் மாற்றுக் கருவிழிதான் வழியாயிற்று. மணிக்கொரு தடவை சொட்டு மருந்து, இரவிலும் எழுப்பி விட்டு, ஆறு வாரத்தில் புண் ஆறியது. ஆனால் தழும்பு நட்ட நடுவில். ஓராண்டு கழித்து யாரோ ஒருவர் இறந்த வீட்டிலிருந்து வந்த கருவிழியை, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தார்கள். தைத்ததோடு முடிந்தது என்று நினைத்தது என் இரண்டாவது அறியாமை. மாற்றுக் கருவிழிக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், சொட்டு மருந்து வேண்டும். சிவப்பு, வலி, வெளிச்சக் கூச்சம், மங்கல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போகவேண்டும். உடல் அதை ஏற்க மறுக்கிறது என்று பொருள். பாட்டிக்குக் கண் தெரியாது, அம்மா காலை ஏழு மணிக்கே ஆலைப் பேருந்து ஏறிவிடுவார். ஆகவே பத்து மணிச் சொட்டும் இரண்டு மணிச் சொட்டும் பள்ளியில் என் கையால்தான். மேசை இழுப்பறையில் சுண்ணக்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தக் குப்பி இருந்தது. நான் பயிற்சிக்குப் போன நாட்களில் சத்துணவு அமைப்பாளர் அக்கா விட்டார். ஆரம்பத்தில் அவன் வெட்கப்பட்டான். பிறகு மணி அடித்ததும் தானே தலையை அண்ணாந்துகொண்டு நிற்பான்.

கண் தானம் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். நம் வெயிலில் சீக்கிரம் எடுத்தால் இன்னும் நல்லது. மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும். முகம் விகாரமாகாது. கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, கண்புரை அறுவை செய்தவர் எல்லோரும் கொடுக்கலாம். முன்பே எழுதி வைக்கவில்லை என்றாலும் குடும்பத்தார் சம்மதித்தால் போதும்.

மெட்ராஸ் ஐ விஷயத்துக்குத் திரும்புகிறேன். அதில் உறுத்தலும் நீரும் பீளையும் இருக்கும். பெரும்பாலும் பார்வை மங்காது. கண்ணைத் திறக்கவே முடியாத வலி, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, அல்லது முந்தின நாள் ஏதாவது பட்டது என்ற பேச்சு, இதில் எது இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். முதல் கேள்வி "கண்ணில் ஏதாவது பட்டதா?" என்பதாக இருக்கட்டும். கோடையில் ஆண்டுதோறும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளையும் கவனியுங்கள். அது ஒவ்வாமை. ஓயாமல் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கலாம். அதற்கென்று கடையில் வாங்கி மாதக்கணக்கில் விடும் ஸ்டீராய்டு, கண் அழுத்தத்தைக் கூட்டிப் பார்வை நரம்பையே தின்றுவிடும். சாயங்காலம் ஆனால் தட்டித் தடவும் சின்னப் பிள்ளை இருந்தால் வைட்டமின் ஏ குறைவா என்று ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் பார்க்கவேண்டும். முற்றினால் கருவிழி உருகிவிடும். முருங்கைக்கீரையும் பப்பாளியும் சத்துணவு முட்டையும் அதற்குத்தான். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு கண்ணாடி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். நல்ல திட்டம். ஆனால் கருவிழிப் புண் முகாம் தேதி பார்த்து வருவதில்லை.

அந்த மாணவன் இப்போது மேல்நிலை வகுப்பு. அந்தக் கண்ணில் கண்ணாடியோடு கரும்பலகையின் பெரிய எழுத்துகளைப் படிக்கிறான். முழுப் பார்வை இல்லை.

பேச்சு போதும். வெளியே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒரு குவளையும் துண்டும் வைத்திருக்கிறேன். இமையை எப்படி விரித்துப் பிடிப்பது, தலையை எந்தப் பக்கம் சாய்த்தால் நல்ல கண்ணுக்குள் தண்ணீர் போகாது என்பதை இருவர் இருவராகச் செய்து பார்ப்போம். அடிபட்ட கண் கீழே இருக்கவேண்டும். முதலில் யார் வருகிறீர்கள்?