தவிட்டுப்பழச் செடியை வரைதல்

நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலை ஓரங்களில் ஆளுயரத்துக்கு நிற்கும் புதர்ச்செடி தவிட்டுப்பழம். மலைப்பிள்ளைகள் பறித்துத் தின்னும் அந்தக் கறுத்த ஊதாப் பழத்தின் செடிதான். தாவர ஓவியம் என்ற கலையின் அருமையை இந்த ஒரு செடியைக் கொண்டே சொல்லிவிடலாம்.

புகைப்படம் எடுப்பவர் பெரும்பாலும் பூவோடு நின்றுவிடுவார். ஓவியர் அப்படி நிற்க முடியாது. இலையைத் திருப்பியாக வேண்டும். மேலே பளபளக்கும் பச்சை, கீழே வெளுத்த மென்மயிர் அடர்ந்த பரப்பு. அடியிலிருந்து மூன்று நரம்புகள் நுனியை நோக்கி ஓடுகின்றன. கொய்யா, நாவல் குடும்பத்தைச் சேர்ந்த செடிக்கு இது அபூர்வமான அடையாளம்.

ஆனால் இலை மட்டும் போதாது. அதே மலைகளில் மெலஸ்டோமா என்றொரு புதர் உண்டு. அதற்கும் எதிரெதிர் இலை, நீளவாக்கில் ஓடும் நரம்பு, ஐந்திதழ் ரோஜா நிறப் பூ. வேறுபாடு மகரந்தத் தாள்களில் இருக்கிறது. மெலஸ்டோமாவில் நீளமும் நிறமும் வேறான இரண்டு வகைத் தாள்கள், மொத்தம் பத்து. தவிட்டுப்பழப் பூவிலோ எண்ண முடியாத தாள்கள், சிவந்த காம்பும் மஞ்சள் தலையுமாக. இதைத் தெளிவாகக் காட்டாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தாவர ஓவியம் ஆகாது என்பேன்.

இந்தப் பூ மலரும்போது அழுத்தமான ரோஜா நிறம். முதிர முதிர வெளுத்துக்கொண்டே போகும். ஒரே கிளையில் இரண்டு நிறமும் தெரியும். மொட்டு, புதுப்பூ, பழைய பூ, புல்லிகள் கிரீடமாக ஒட்டியிருக்கும் பழம், அதன் குறுக்குவெட்டில் நெருங்கிய விதைகள் எல்லாம் ஒரே தாளில் இடம்பெற வேண்டும். பல நாள் பார்த்ததை ஒரே பார்வையில் தருவது கைக்குத்தான் கூடும்.

சென்னை மாகாணத்தில் இந்தக் கலையை உச்சிக்குக் கொண்டுபோனவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ராபர்ட் வைட்டின் நூல்களுக்காக வரைந்தவர்கள். 1853-இல் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். இன்று அது வேறொரு பேரினத்தில் அடங்கிவிட்டது. ஓவியருக்குக் கிடைத்த அந்த மரியாதையை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

வரைய விரும்புகிறவர்கள் கிளையைத் தண்ணீரில் வைத்து, முதலில் இதழின் நிறத்தைப் பிடியுங்கள்; அது காத்திருக்காது. இலையடி மயிரைக் கடைசியில், மெல்லிய தூரிகையால் போட்டுக்கொள்ளலாம்.